எலி மறைந்த பிறகு குட்டி என்ன செய்கிறது?

நாட்டுநாய்க் குட்டி ஒன்று வேட்டைக்குத் தேறுமா என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு துணியையோ கயிற்றையோ இழுத்துக் காட்டுவார்கள். குட்டி பாய்ந்து கவ்வினால் "இது தேறும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓடுவதைத் துரத்துவது அநேகமாக எல்லாக் குட்டிக்கும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது அதற்கு அடுத்த நிமிடத்தை. துரத்தப்பட்டது சந்துக்குள் புகுந்து மறைந்துவிட்டது. இப்போது குட்டி என்ன செய்கிறது? நம் முகத்தைப் பார்த்து வாலாட்டுகிறதா? காக்காயைக் கண்டு வேறு பக்கம் ஓடிவிடுகிறதா? அல்லது மறைந்த இடத்துக்கே போய், மூக்கைத் தரையில் வைத்து, அங்கேயே நிற்கிறதா? வளர்ந்தபின் அந்த நாய் எப்படி வேலை செய்யும் என்பதை இந்த ஒரு நிமிடம் எனக்குச் சொன்ன அளவுக்கு வேறு எதுவும் சொன்னதில்லை.

பெங்களூரில் யஷ்வந்த்பூர் ஏபிஎம்சி யார்டுக்கு, அதாவது வேளாண் விளைபொருள் சந்தைக்கு, பக்கத்தில் எங்களுக்கு மாட்டுத்தீவனக் குடோன் இருக்கிறது. வீடு ஸ்ரீராமபுரத்தில். தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உடைத்த மக்காச்சோளம் எல்லாம் மூட்டை மூட்டையாக அட்டி போட்டிருக்கும். தானியம் இருக்கும் இடத்துக்குப் பெருச்சாளி வராமல் இருக்காது. நன்றாக வளர்ந்த பெருச்சாளி அரைக் கிலோவுக்கு மேல், சில ஒரு கிலோ வரைகூட எடை இருக்கும். அது தின்பதைவிட சாக்கைக் கிழித்துக் கொட்டுவதும், மூத்திரத்தால் கெடுப்பதும்தான் பெரிய நஷ்டம். மூத்திர வாடை ஏறிய தவிட்டை மாடும் முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்.

பூனை வளர்க்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். சுண்டெலிக்குப் பூனை சரி. பெரிய எலிக்கு அது சரிப்பட்டு வராது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை நாளில் அங்கிருந்த பூனைகள் கொன்ற எலிகள் இரண்டுதான். பூனை இருக்கும் நேரத்தில் எலிகள் வெளியே தலைகாட்டுவது மட்டும் குறைந்தது. பெருச்சாளி அந்த எலிகளைவிடப் பெரியது, முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். எங்கள் பூனைகள் அதைப் பார்த்தால் அட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மருந்து வைப்பதை நான் யோசிப்பதே இல்லை. மாடு தின்னும் பொருள் இருக்கும் இடம் அது. அதனால் நாய்.

வேட்டை என்று நான் சொல்வது எலி, பெருச்சாளியை மட்டும்தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரிலிருந்து வருகிறவர்கள் "முயலுக்கு ஆகுமா" என்றுதான் கேட்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலோ உடும்போ காட்டுப்பன்றியோ, நாயை ஏவிப் பிடிப்பது குற்றம். எலியும் சுண்டெலியும் அந்தச் சட்டத்தில் பயிர்ப்பகை விலங்குகளாக ஐந்தாவது அட்டவணையில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது, எலியைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கவில்லை. மற்ற எதையும் துரத்த நான் நாயைப் பழக்குவதில்லை, பழக்கித் தரச் சொன்னாலும் மறுத்துவிடுவேன்.

குட்டி பார்க்கும் கண்ணை எனக்குக் கொடுத்தவர் எங்கள் குடோனில் இரவுக் காவல் பார்த்த பெரியவர். பென்னாகரம் பக்கத்துக்காரர், சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். அவர் குட்டியைத் தூக்கிப் பார்க்க மாட்டார், காதை மடித்துப் பார்க்க மாட்டார், வாயைத் திறந்து மேல்வாய் கறுப்பா என்று பார்க்க மாட்டார். ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு பீடி முடியும் வரை சும்மா இருப்பார். "என்னய்யா பார்க்கறீங்க?" என்று கேட்டால், "குட்டி இன்னா பாக்குதுன்னு பாக்கறேன் தம்பி" என்பார். குட்டியின் கவனம் எங்கே போகிறது, போன இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

நாயின் வேட்டை ஒரே செயல் மாதிரித் தெரிந்தாலும் பல செயல்கள் தொடர்ந்து வருவது அது. கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இவை வரிசை குலையாமல் இருக்கும். மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் சில பெருத்து, சில தேய்ந்துவிட்டன. மந்தை மேய்க்கும் பார்டர் கோலி உற்றுப் பார்த்துப் பதுங்கி மடக்கும், கடித்துக் கொல்லப் போகாது. லாப்ரடார் கவ்விக் கொண்டுவரும், கிழிக்காது. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியை யாரும் இப்படித் தேர்ந்து வளர்க்கவில்லை. அதனால் எது எந்த அளவில் வந்திருக்கும் என்று இனத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே அது மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

"சிப்பிப்பாறை ஒன்று வாங்கிவிடுங்களேன், வேட்டை நாய்தானே" என்று சொல்பவர்களும் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் இங்கே கர்நாடகத்தில் பாகல்கோட்டை மாவட்டத்து முதோலும் அருமையான நாய்கள். முதோலுக்கும் ராஜபாளையத்துக்கும் 2005-ல் தபால்தலையே வந்தது. ஆனால் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக இருக்கும் சிப்பிப்பாறையும் முதோலும் கண்ணால் பார்த்துத் திறந்தவெளியில் விரட்டிப் பிடிக்கும் நாய்கள். கரிசல் காட்டில் அவற்றின் வேகத்துக்கு இணை கிடையாது. இரண்டு அட்டிகளுக்கு நடுவில் ஒன்றரை அடிச் சந்து, நாலு எட்டில் சுவர் வந்துவிடும் என்றால் அந்த வேகத்தை எங்கே காட்டும்? குடோனுக்குத் தேவை நடுத்தர உயரம், நல்ல கழுத்து, மூக்கையும் காதையும் நம்பும் குணம். நாட்டுநாயில் அது நிறையவே கிடைக்கிறது.

அமெரிக்காவின் தென்பகுதி மலைக்காரர்கள் வைத்திருக்கும் 'கர்' நாய்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது. பல தலைமுறை அவற்றுக்குப் பத்திரமோ பரம்பரைச் சான்றோ கிடையாது. அணில் பிடிக்க, பன்றி மடக்க, வீடு காக்க என்று வேலையை வைத்தே பெருக்கிய நாய்கள். மலைவாசிகள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போக, அவை குறைந்துகொண்டே வந்தன. மவுண்டன் கர் வகையைக் காப்பாற்ற 1957-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே நல்ல நாய்க்கு முதல் அடையாளம், அணில் மரத்தில் ஏறி மறைந்த பிறகும் அந்த மரத்தடியை விடாமல் நின்று குரைப்பது. மரத்துக்குப் பதில் எங்களுக்கு வளை. பார்க்க வேண்டியது ஒன்றேதான்.

குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பார்க்க வேண்டும். தெருநாயில் தகப்பன் யாரென்று தெரியாது, தாய் கண்முன்னால் இருக்கும். அது இரவில் எங்கே திரிகிறது, சாக்கடை ஓரம் மோந்துகொண்டே போகிறதா, இல்லை கறிக்கடை வாசலிலேயே கிடக்கிறதா என்று சில இரவுகள் கவனிக்கலாம். தானே எலி அடிக்கும் தாய் குட்டிகள் முன்னால் கொண்டுவந்து போடும். அந்த வாடையோடு வளர்ந்த குட்டிக்கு எலி என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்குடியை அவசரப்பட்டுப் பிரித்துக் கொண்டுவருவதில் லாபமில்லை, எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருக்கட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம் வரைதான் குட்டிக்கு உலகம் பழகும் காலம். அந்த நாட்களில் லாரிச் சத்தம், ஷட்டர் சத்தம், ஹமாலிகள் மூட்டை போடும் சத்தம், குழந்தைகள், குடை, கறுப்புத் தார்ப்பாய் எல்லாம் அதன் கண்ணிலும் காதிலும் பட்டிருந்தால் பின்னாளில் பாதி வேலை மிச்சம்.

எங்கள் லோடு மேடைக்கு அடியில் குட்டி போட்ட ஒரு தாயின் மூன்று குட்டிகளை ஒன்றாக வளர்த்தோம். வீரா, மணி, செவலை. இந்த மூன்றும்தான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வீரா பெரிய குட்டி. தலை பெரிசு, பாதம் பெரிசு, எது ஓடினாலும் முதலில் பாய்வது அவன்தான். யார்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைக் கேட்டார்கள். மணி நடுவாந்திரம், சத்தம் போடுவதில் கெட்டிக்காரன். செவலை ஒல்லிப் பெண்குட்டி. புது ஆள் வந்தால் மேடைக்கு அடியில் போய்விடும். அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

நாலாவது மாதத்தில் ஒரு நாள் மாலை, தவிட்டு மூட்டைக்குக் கீழே போட்டிருந்த மரப்பலகை இடுக்கில் ஒரு எலி புகுந்தது. வீரா பாய்ந்தான், பலகையில் முட்டினான், ஒரு தரம் சுரண்டினான், பிறகு யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டு ஓடிவிட்டான். மணி நின்ற இடத்திலேயே குரைத்தான், எலி இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை. செவலை மெதுவாக வந்தது. இடுக்கு வாயில் மூக்கை வைத்து நாலைந்து முறை உள்ளிழுத்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்படியே படுத்துவிட்டது. நாங்கள் கணக்கெழுதி முடித்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து அதற்கு மட்டும் போட்டார்.

சில வாரம் கழித்து இன்னும் பெரிய விஷயம் ஒன்றைச் செய்தது. அதே இடுக்கில் மோந்துவிட்டு, காத்திருக்காமல் அட்டியைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் நின்றது. எலி திறந்தவெளியில் குறுக்கே ஓடாது, சுவரை உரசிக்கொண்டே ஓடும். பெருச்சாளி வளைக்கும் ஒரு வாசல் இருக்காது, வேறு வழிகள் வைத்திருக்கும், சிலதை மண்ணால் லேசாக மூடியும் வைக்கும். உள்ளே போனது எந்த வழியாக வெளியே வரும் என்று அந்தக் குட்டி யோசித்திருக்கிறது. யாரும் பழக்கவில்லை, வளர்ந்த நாய் எதுவும் பக்கத்தில் இல்லை. இந்தக் குணத்தை ஒரு குட்டியிடம் பார்த்துவிட்டால் அதை எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள்.

இதற்காக ஏழாவது வாரத்திலேயே உட்கார்ந்து சோதனை வைக்க வேண்டாம். அந்த வயதில் மல்லாக்கப் போட்டுப் பார்ப்பது, கைதட்டிக் கூப்பிட்டுப் பார்ப்பது என்று பலவிதச் சோதனைகள் வெளிநாட்டில் பிரபலம். வளர்ந்தபின் நாயின் நடத்தையை அவை நம்பும்படி முன்கூட்டிச் சொல்வதில்லை என்றுதான் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எட்டு முதல் பத்து வாரம் வரை குட்டிக்கு ஒரு பயக்காலம் வரும். ஆறு மாதத்துக்கு மேல், வாலிபத்தில், இன்னொன்று வரும். நேற்றுவரை கூசாமல் தாண்டிப்போன தார்ப்பாயைப் பார்த்து இன்று பின்வாங்கும். அப்போது கட்டாயப்படுத்தக் கூடாது, "பயந்தாங்கொள்ளி" என்று பட்டமும் கட்டக் கூடாது. நாலிலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து நிரந்தரப் பல் 42-ம் முளைக்கும் காலம், ஈறு வலிக்கும். அந்த நேரத்தில் கவ்வத் தயங்கினால் அது குணத்தின் குறை கிடையாது. பெண்குட்டி முதல் பருவத்துக்கு வரும் மாதங்களிலும் கவனம் சிதறும். இதெல்லாம் கடந்து ஒரு வயது ஆனபிறகு, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்தபிறகு சொல்வதுதான் தீர்ப்பு. அதுவரை பார்ப்பதெல்லாம் குறிப்புகள். நான் சிலேட்டில் எழுதுவதுபோல மனதில் எழுதி வைத்துக்கொள்வேன், அழித்தும் எழுதுவேன்.

மூக்கைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெருச்சாளி கூடு கட்டியிருந்த பழைய சாக்குத் துண்டைக் கையுறை போட்டு எடுத்து, கயிற்றில் கட்டி, குட்டி பார்க்காத நேரத்தில் தரையில் இழுத்துக்கொண்டு போங்கள். கொஞ்ச தூரம் நேராக, பிறகு ஒரு திருப்பம், முடிவில் சாக்கை ஒரு பலகைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். அதிகாலையில் செய்யுங்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும்போது வாடை தரையில் தங்கும், மதிய வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வளர்ந்த நாயே திணறும். பெங்களூர் விடியற்காலை இந்த வேலைக்கென்றே அமைந்தது. நேர்கோட்டில் குட்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது முக்கியமில்லை. திருப்பத்தைக் கவனியுங்கள். எல்லாக் குட்டியும் கொஞ்சம் தாண்டிப் போகும். வாடை அறுந்தது தெரிந்ததும் தானே நின்று, வளைந்து வந்து, விட்ட இடத்தில் மறுபடி தொடங்குகிற குட்டி வேட்டைக்காரக் குட்டி. தாண்டினது தெரியாமலே ஓடிக்கொண்டிருப்பது இன்னும் வளர வேண்டிய குட்டி. அங்கேயே நின்று நம்மைத் திரும்பிப் பார்த்து "எங்கே?" என்று கேட்கிற குட்டிக்கு நாம் கையைக் காட்டவே கூடாது. காட்டிப் பழக்கினால் ஆயுள் முழுக்க நம் கையைத்தான் பார்க்கும். முடிவில் சாக்கைக் கண்டுபிடித்ததும் அது ஊறியிருக்கும் அழுக்கை நினைத்து அதையே கொடுக்காமல், சுத்தமான சாக்குத் துண்டு ஒன்றைக் கொடுத்து இழுத்து விளையாட விடுங்கள். கருவாடு, கறி எதையும் தடத்தில் வைக்காதீர்கள், பிறகு அது கருவாடு தேடும் நாயாகிவிடும்.

உயிருள்ள எலியைக் கூண்டில் வைத்துக் குட்டி முன்னால் நீட்டும் வழக்கமும் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. அது கொடுமை. நாய்க்கும் அதில் கற்க ஒன்றுமில்லை, கூண்டில் இருப்பது மறைவதே இல்லையே.

குரல் ஒரு தனிக் கணக்கு. வளையில் ஆள் இருக்கும்போது குரைக்கும் நாய் நமக்கு வேண்டும், வளையைப் பார்த்தாலே குரைக்கும் நாய் நம் தூக்கத்தையும் நேரத்தையும் தின்றுவிடும். இதைப் பார்க்க ஒரு வழி: புழக்கத்தில் உள்ள வளை எது, கைவிட்ட வளை எது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். வாயில் சிலந்தி வலை, உலர்ந்த இலை, இறுகிய மண் இருந்தால் பழையது. புது மண் கொட்டியிருந்தால், விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறை இருந்தால், ஈரமான புழுக்கை கிடந்தால் ஆள் இருக்கிறது. குட்டியை இரண்டு பக்கமும் நடத்திக்கொண்டு போங்கள். மணி இரண்டிலும் ஒரே மாதிரி குரைத்தான். செவலை பழைய வளையை ஒரு தரம் மோந்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போய்விட்டது, புது வளையில் வால் விறைத்து நின்றது. அணில் இல்லாத மரத்தைப் பார்த்துக் குரைக்கும் நாயை அந்த அமெரிக்க மலைக்காரர்களும் வைத்துக்கொள்வதில்லையாம்.

தைரியத்தைப் பற்றி நிறையத் தப்பெண்ணம் இருக்கிறது. ஷட்டர் தடாலென்று விழுந்தால் குட்டி துள்ளத்தான் செய்யும். துள்ளியபின் எவ்வளவு நேரத்தில் பழைய வேலைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். செவலை துள்ளிப் பின்னால் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஷட்டரையே மோந்து பார்க்க வந்தது. புது ஆளிடம் கூச்சம் வேறு, வேலையில் பயம் வேறு. ஆளைக் கண்டு ஒதுங்கும் குட்டி பெருச்சாளி முன்னால் சிங்கமாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வீரா விஷயம் நேர்மாறு. அவனுக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு பெருச்சாளி மூக்கைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து தூர நின்று குரைப்பான், கிட்டே போக மாட்டான். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்குத் துரத்துவதில் இருந்த சந்தோஷம் கவ்வுவதில் இல்லை, அவ்வளவுதான்.

நிரந்தரப் பல் முழுசாக வரும் முன்னால் எந்தக் குட்டியையும் வளர்ந்த பெருச்சாளியோடு மோத விடாதீர்கள். முதலில் சின்ன எலிகள், அதுவும் அனுபவமுள்ள நாய் ஒன்றோடு. ஆனால் தீர்ப்பு சொல்லும் நாளில் குட்டியைத் தனியாகத்தான் விட வேண்டும். பெரிய நாய் பின்னாலேயே ஓடி, அது கவ்வியதைத் தானும் இழுத்து, கெட்டிக்காரன் பெயர் வாங்கிக்கொண்டு, தனியாக விட்டால் வாசலில் படுத்துத் தூங்கும் குட்டிகள் ஏராளம். நன்றாகக் கவ்வும் நாய் கழுத்துப் பக்கம் பிடித்து ஒரே உதறலில் முடித்துவிடும். வாயில் வைத்து மென்று விளையாடும் நாய் கடியும் வாங்கும், அந்தப் பிராணிக்கும் வீண் வதை.

விடச் சொன்னால் விட வேண்டும். இதில் நான் ரொம்பக் கறார். எங்கள் யார்டு ஓரத்துப் புதரில் கீரி இருக்கிறது, சாரைப்பாம்பு இருக்கிறது, ஓட்டுக்கூரையில் மரநாய் குட்டி போடுகிறது. கீரியும் சாரையும் எலியைத் தின்று நமக்கு உதவுபவை, எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஹமாலிகளின் கோழியும் பூனைக்குட்டியும் அங்கேயே திரியும். மூன்று மாதத்திலிருந்தே "விடு" என்ற சொல்லுக்குக் கையில் கறித்துண்டு வைத்துப் பழக்க வேண்டும். எவ்வளவு நல்ல மூக்கு இருந்தாலும், சூடேறிய நேரத்தில் நம் குரல் காதில் ஏறாத நாயைக் கட்டிவைத்துத்தான் வளர்க்க முடியும். கட்டிவைத்த நாய் எலி பிடிக்காது.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நல்ல நாய்கள் பல இதில்தான் போய்விடுகின்றன. எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் பரவும், நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனிதருக்கும் வரும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள், வருஷா வருஷம் போடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், நாயின் மூக்கு, உதடு, காதில் கடி இருக்கிறதா என்று காலையில் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். உண்ணி பார்ப்பதையும் விடக்கூடாது, உண்ணிக் காய்ச்சல் இங்கே சகஜம்.

எல்லாவற்றையும் விட ஆபத்து பக்கத்துக் குடோனில் வைக்கும் எலிமருந்து. புரோமடியோலோன் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தின்ற எலியை நாய் தின்றால் உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும், மூச்சு வாங்கும். சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், அது பல வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டியது. ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதனால் பக்கத்துக் குடோன்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவேன். அவர்கள் மருந்து வைக்கும் வாரம் எங்கள் நாய்கள் வெளியே வராது. கொன்றதைத் தின்னாமல் நம்மிடம் கொண்டுவந்து போடப் பழக்குவதும் இதற்காகத்தான். போட்டால் உடனே அதைவிட நல்லது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும்.

தேறாத குட்டியை என்ன செய்வது என்று கேட்பார்கள். வீரா இப்போது கேட்டில் இருக்கிறான். அவன் நிற்பதைப் பார்த்தே ராத்திரியில் யாரும் உள்ளே வருவதில்லை. மணியின் குரலை விரும்பி ஒரு லாரி டிரைவர் ஹொசகோட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார், தோட்டக் காவலுக்கு அவன் பொருத்தம். வேட்டைக்கு ஆகவில்லை என்று ஒரு குட்டியைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வருகிறவர்களோடு நான் பேசுவதில்லை.

செவலைக்கு கருத்தடை செய்துவிட்டோம். "இவ்வளவு நல்ல நாய், ஒரு ஈத்து எடுத்திருக்கலாமே" என்று பலர் வருத்தப்பட்டார்கள். ஆறு குட்டி போட்டால் ஆறையும் வைத்துக் காப்பாற்ற எங்களிடம் இடமில்லை, யார்டைச் சுற்றித் தாயில்லாமல் திரியும் குட்டிகள் ஏற்கெனவே நிறைய. அதில் ஒன்றைத்தான் இப்போது எடுத்து வந்திருக்கிறேன். கறுப்புக் குட்டி, ஆண், ஐந்து மாதம் இருக்கும். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, சாக்கைக் கடித்தால் விட்டுவிடுகிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இழுத்த தடத்தில் திருப்பத்தைத் தாண்டிப் போய் நின்றுவிட்டு, இரண்டாவது தரம் தானே திரும்பி வந்தது. பழைய வளையைப் பார்த்து ஒரு தரம் குரைத்தது, அதை எழுதி வைத்திருக்கிறேன். செவலையோடு சேர்த்து விட்டால் அதன் வாலையே பிடித்துக்கொண்டு போகிறது. பல் முழுசாக முளைத்தபிறகு, அடுத்த மழை ஓய்ந்ததும், தனியாக விட்டுப் பார்க்க வேண்டும்.